யாருடைய ஆட்டங்கள் நினைவில் நிற்கின்றன?

கால்பந்து ரசிகரின் நினைவெழுத்து என்றொரு வகைமை ஆங்கிலத்தில் கடந்த முப்பது ஆண்டுகளில் நிலைபெற்றிருக்கிறது. ஒரு கிளப்பைச் சிறுவயது முதல் பின்தொடரும் ஒருவர், அதன் பழைய ஆட்டங்களையும் ஆட்டக்காரர்களையும் ஒவ்வொன்றாக நினைவுகூர்ந்தபடியே தன் வாழ்க்கையையும் சொல்லிச் செல்வது இதன் அமைப்பு. இதற்கு முன்மாதிரியாக அமைந்தது 1992இல் வெளிவந்த நிக் ஹார்ன்பியின் 'ஃபீவர் பிட்ச்'. ஹார்ன்பி லண்டனின் ஆர்சனல் கிளப்பின் ரசிகர். நூல் பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது, திரைப்படமாகவும் வந்தது. இரண்டாண்டுகள் கழித்து, 1994இல், வட இங்கிலாந்தின் ப்ரெஸ்டன் நகரைச் சேர்ந்த கெயில் நியூஷாம் 'இன் எ லீக் ஆஃப் தெயர் ஓன்' என்ற நூலை வெளியிட்டார். 1917இல் அதே ஊரின் தொழிற்சாலை ஒன்றில் தோன்றி 1965இல் கலைந்துபோன 'டிக், கெர் லேடீஸ்' என்னும் பெண்கள் அணியைப் பற்றியது அது. கால்பந்து இலக்கியம் என்று பேச்செடுத்தால் முதல் நூலைத்தான் எல்லோரும் சொல்வார்கள். இரண்டாவதை, பெண்கள் கால்பந்தின் வரலாற்றைத் தேடிப் போகிறவர்கள் மட்டுமே அறிவார்கள்.

இரண்டையும் அருகருகே வைத்து வாசிக்கும்போது ஒரு விஷயம் தெளிவாகிறது. ரசிகரின் நினைவு அன்பினால் மட்டும் உருவாவதில்லை. ஆட்டம் பார்க்க ஒழிந்த நேரம் வேண்டும். ஆட ஒரு மைதானம் வேண்டும். ஆடியதை எழுதிவைக்க ஒரு பதிவேடு வேண்டும். ஹார்ன்பிக்கு இந்த மூன்றும் இருந்தன. இருக்கின்றன என்பதை உணரவேண்டிய தேவைகூட அவருக்கு எழவில்லை. நியூஷாமுக்கு மூன்றையும் தேடிச் சேர்ப்பதே நூல் எழுதும் வேலையாக இருந்தது.

சனிக்கிழமைப் பிற்பகல் யாருடையது?

'ஃபீவர் பிட்ச்' நூலின் ஒவ்வொரு பகுதியின் தலையிலும் ஓர் ஆட்டமும் அதன் தேதியும் இருக்கும். தொடக்கம் 1968 செப்டம்பர் 14, ஆர்சனலும் ஸ்டோக் சிட்டியும் மோதிய ஆட்டம். ஹார்ன்பிக்கு அப்போது பதினொரு வயது. பெற்றோர் பிரிந்துவிட்டார்கள். பிள்ளையைப் பார்க்க வரும் தந்தைக்கு அவனோடு எங்கே போவது, என்ன பேசுவது என்று தெரியவில்லை. அந்த வெறுமையை ஹைபரி மைதானம் நிரப்புகிறது. அன்று ஆர்சனல் 1-0 என்று வென்றது. பையன் வாழ்நாள் முழுவதற்கும் மாட்டிக்கொண்டான். பிறகு வருபவை: 1969 லீக் கோப்பை இறுதியில் மூன்றாம் டிவிஷன் அணியான ஸ்விண்டனிடம் அடைந்த தோல்வி, 1971இல் லீக் பட்டத்தையும் எஃப்.ஏ. கோப்பையையும் சேர்த்து வென்ற சீசன். 1989 மே 26 அன்று லிவர்பூலின் சொந்த மைதானத்தில் இரண்டு கோல் வித்தியாசத்தில் வென்றால்தான் பட்டம் என்ற நிலையில், ஆட்டம் முடியும் தறுவாயில் மைக்கேல் தாமஸ் அடித்த கோல்.

இது நல்ல நூல். வெற்றிப் பெருமிதம் இதில் குறைவு. பெரும்பாலான ஆட்டங்கள் சலிப்பூட்டுபவை என்பதை ஹார்ன்பி மறைப்பதில்லை. தன் பித்து தன்னை வளரவிடாமல் பிடித்துவைத்திருக்கிறது, மனச்சோர்வுக்கு ஒரு மறைவிடமாகிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறார். ஆண்கள் தங்கள் தனிமையை இவ்வளவு வெளிப்படையாக எழுதுவது அரிது. தந்தையும் மகனும் நேராகப் பேசிக்கொள்ள முடியாததை ஓர் அணியின் ஆட்டத்தைப் பற்றிய பேச்சில் ஏற்றிப் பேசுகிறார்கள் என்ற அவருடைய கண்டுபிடிப்பு, ஆண்மை பற்றி எழுதப்பட்ட நல்ல பக்கங்களில் சேரும்.

ஆனால் பெண்கள் வரும் இடங்களில் நூலின் பார்வை ஓர் எல்லையில் நின்றுவிடுகிறது. கேம்பிரிட்ஜ் யுனைடெட் அணி மேல் டிவிஷனுக்கு உயரப்போகும் ஆட்டம் ஒன்றில், கூட்ட நெரிசலில் அவருடைய காதலி மயங்கி விழுகிறாள். முதலுதவிக்காரர்கள் அவளைத் தூக்கிச் செல்கிறார்கள். அவர் ஆட்டத்தைப் பார்த்தபடி நின்றுவிடுகிறார். இதைத் தன்மீதான குற்றச்சாட்டாகவே அவர் எழுதுகிறார், தப்பித்துக்கொள்வதில்லை. இன்னோர் இடத்தில், கால்பந்தை நேசிக்கும் பெண்களைச் சந்தித்திருப்பதாகவும், வாரநாளின் இரவில் ப்ளிமத்வரை போய் முக்கியமில்லாத ஆட்டத்தைப் பார்க்கும் பித்துள்ள பெண்ணை மட்டும் இன்னும் சந்திக்கவில்லை என்றும் சொல்கிறார். பித்து ஆண்களின் இயல்பு என்ற முடிவை நோக்கி அந்தப் பகுதி நகர்கிறது.

பெண்ணிய வாசகர் இங்கே ஓர் எளிய கேள்வியைக் கேட்டாக வேண்டும். புதன்கிழமை இரவு ப்ளிமத்துக்குப் போய் விடியற்காலையில் திரும்புவது யாரால் முடியும்? வீட்டில் குழந்தைக்குச் சோறு ஊட்ட வேறொருவர் இருப்பவரால் முடியும். கடைசி ரயிலைத் தவறவிட்டு ஸ்டேஷனில் படுத்து எழுந்து வந்தாலும் அவதூறுக்கு ஆளாகாதவரால் முடியும். ஆண்கள் நெருக்கியடித்து நிற்கும் படிக்கட்டுகளில் தன் உடலைக் காத்துக்கொள்ளும் கவலை இல்லாதவரால் முடியும். இவற்றையெல்லாம் கழித்துவிட்டு மிச்சமிருப்பதைத்தான் ஹார்ன்பி சுபாவம் என்கிறார்.

இந்த நேரப் பங்கீட்டுக்கு ஒரு வரலாறும் உண்டு. இங்கிலாந்தில் ஆட்டங்கள் சனிக்கிழமைப் பிற்பகல் மூன்று மணிக்குத் தொடங்குவது மரபு. அந்தப் பிற்பகல் ஓய்வு எங்கிருந்து வந்தது? 1850ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் நெசவாலைகளில் பெண்களும் இளவயதினரும் சனிக்கிழமை இரண்டு மணிக்குமேல் வேலை செய்யக்கூடாது என்றது. பெண்கள் கைவிட்டுப் போனால் ஆலை ஓடாது. ஆகவே ஆண்களுக்கும் அதே நேரத்தில் வேலை முடிந்தது. பெண்ணைக் காக்கவென்று போடப்பட்ட சட்டம் தந்த அரைநாளில் ஆண்கள் மைதானத்துக்குப் போனார்கள். பெண்ணுக்கு அந்த அரைநாள் துவைக்கவும் துடைக்கவும் கடைக்குப் போகவும் சரியாக இருந்தது.

அப்படியும் போனவர்கள் இருந்தார்கள். தொடக்ககாலத்தில் பல கிளப்புகள் பெண்களை இலவசமாக அனுமதித்தன. 1885இல் ப்ரெஸ்டன் நார்த் எண்ட் கிளப்பின் ஆட்டமொன்றுக்கு ஏறத்தாழ 2,000 பெண்கள் வந்துவிட, அந்தச் சலுகையையே நிறுத்திவிட்டார்கள். பெண்களுக்கு ஆர்வம் இல்லை என்று பிற்காலத்தில் சொன்னவர்கள் இந்தச் செய்தியைக் கணக்கில் எடுத்துக்கொண்டதில்லை. அதே ப்ரெஸ்டனில்தான், முப்பது ஆண்டுகள் கழித்து, பெண்கள் பார்வையாளர் வரிசையிலிருந்து மைதானத்துக்குள் இறங்கினார்கள்.

தொழிற்சாலை முற்றத்திலிருந்து

டிக், கெர் என்பது ட்ராம் வண்டிகளும் ரயில் எஞ்சின்களும் செய்த நிறுவனம். முதல் உலகப்போரில் அது குண்டுகள் செய்யத் தொடங்கியது. ஆண்கள் போர்முனைக்குப் போக, பெண்கள் வேலைக்கு வந்தார்கள். 1917இல் சாப்பாட்டு இடைவேளைகளில் முற்றத்தில் பந்து உதைத்துக்கொண்டிருந்த தொழில்பழகும் பையன்களைப் பெண்கள் கேலி செய்ய, அது போட்டியாக மாறியது. கிரேஸ் சிபர்ட் என்ற பெண் தலைமையில் சவாலை ஏற்றார்கள். அலுவலக ஜன்னல் வழியே இவர்களின் ஆட்டத்தைக் கவனித்த ஆல்ஃப்ரெட் ஃப்ராங்க்லாண்ட் என்ற ஊழியர் இதை ஓர் அணியாக்கினார். 1917 கிறிஸ்துமஸ் அன்று ப்ரெஸ்டன் நார்த் எண்டின் டீப்டேல் மைதானத்தில், காயம்பட்ட படைவீரர்களின் மருத்துவமனைக்கு நிதி திரட்ட ஆடிய முதல் ஆட்டத்துக்கு 10,000 பேர் வந்தார்கள். டிக், கெர் அணி 4-0 என்று வென்றது.

1920இல் அலீஸ் மிலியா என்ற விளையாட்டுப் போராளியின் தலைமையில் பிரெஞ்சுப் பெண்கள் அணி வந்து நான்கு ஆட்டங்கள் ஆடியது. தொடக்கத்தில் இரு அணித்தலைவியரும் கன்னத்தில் முத்தமிட்டுக்கொள்ளும் புகைப்படம் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. அதே ஆண்டு டிசம்பர் 16 இரவு, போர்க்காலத்தில் விமானங்களைத் தேடப் பயன்பட்ட இரண்டு ஒளிவிளக்குகளை வாங்கிவந்து, பந்துக்கு வெள்ளையடித்து, டீப்டேலில் ஆடினார்கள். 12,000 பேர் பார்த்தார்கள். பத்து நாள் கழித்து, டிசம்பர் 26 அன்று, லிவர்பூலின் குடிசன் பார்க்கில் செயின்ட் ஹெலன்ஸ் அணியோடு ஆடியபோது உள்ளே 53,000 பேர். இடமில்லாமல் ஆயிரக்கணக்கானோர் வெளியே நின்றார்கள். முன்வரிசை ஆட்டக்காரர் ஃப்ளோரி ரெட்ஃபோர்ட் ரயிலைத் தவறவிட்டதால், தடுப்பாட்டக்காரரான தலைவி ஆலிஸ் கெல் இரண்டாம் பாதியில் முன்னே வந்து மூன்று கோல் அடித்தார். 3,115 பவுண்டு நிதி சேர்ந்தது.

நியூஷாமின் நூல் உயிர்பெறுவது இப்படிப்பட்ட விவரங்களில்தான். தவறிய ரயில், வெள்ளையடித்த பந்து, செயின்ட் ஹெலன்ஸிலிருந்து பதின்ம வயதிலேயே வந்து சேர்ந்த லில்லி பார். ஆறடியை ஒட்டிய உயரம், இடது காலின் பேய் உதை, வாயில் வுட்பைன் சிகரெட். எந்த ரசிகரும் தன் கிளப்பைப் பற்றிச் சொல்ல விரும்பும் கதைகள் இவை. ஹார்ன்பி 1971இன் ஆட்டக்காரர்களைச் சொல்லும்போது இருக்கும் அதே வாஞ்சை இங்கும் இருக்கிறது.

ஆனால் இந்தப் புகழ்ச்சிக்குள் ஒரு நெருடலும் உண்டு. பெண்கள் ஆட அனுமதிக்கப்பட்டது ஏன்? ஆட்டங்கள் பெரும்பாலும் நன்கொடைக்காக. காயம்பட்ட வீரர்கள், வேலையற்ற முன்னாள் படையினர், மருத்துவமனைகள். ஆண்களின் கிளப்பில் நுழைவுச்சீட்டுப் பணம் கிளப்புக்கும் ஆட்டக்காரருக்கும் போகும். அதை யாரும் தவறென்று சொல்லவில்லை. பெண்களுக்கு இழந்த வேலைநேரத்துக்கு ஈடாக ஆட்டத்துக்குப் பத்து ஷில்லிங் தரப்பட்டது. அதுவே பின்னர் அவர்கள்மேல் வீசப்பட்ட கல்லானது. பெண்ணின் விளையாட்டு தொண்டாக இருக்கும்வரை தாங்கிக்கொள்ளப்படும். மகிழ்ச்சியாகவோ தொழிலாகவோ மாறும் நாளில் ஒழுக்கக்கேடாகிவிடும். நியூஷாம் திரட்டப்பட்ட தொகைகளைப் பெருமிதத்தோடு அடுக்கும்போது இந்தப் பேரத்தைக் கேள்வி கேட்பதில்லை. அந்தத் தொகைகளே பெண்களின் பாதுகாப்பாகவும் சிறையாகவும் இருந்தன என்பதை வாசகராகிய நாம்தான் சேர்த்து வாசிக்க வேண்டும்.

தடையும் அதற்கு வந்த சாட்சிகளும்

1921 டிசம்பர் 5 அன்று இங்கிலாந்தின் கால்பந்துச் சங்கம் ஒரு தீர்மானம் போட்டது. கால்பந்து பெண்களுக்கு முற்றிலும் பொருந்தாத ஆட்டம், அதை ஊக்குவிக்கக்கூடாது. திரட்டிய பணத்தில் செலவுக்கென்று அளவுக்கு அதிகமாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. ஆகவே சங்கத்தில் சேர்ந்த கிளப்புகள் தங்கள் மைதானங்களைப் பெண்களுக்குத் தரக்கூடாது. அந்த ஒரே ஆண்டில் டிக், கெர் அணி அறுபதுக்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஆடியிருந்தது. அதே 1921இல் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களுக்கு எதிரான கதவடைப்பின்போது, அவர்கள் குடும்பங்களின் பசியாற்றப் பல பெண்கள் அணிகள் ஆடி நிதி சேர்த்தன. நன்கொடை படைவீரரிடமிருந்து தொழிலாளரின் பக்கம் திரும்பியதும் சங்கத்தின் பொறுமை தீர்ந்துபோனதற்கு ஒரு காரணம் என்று வரலாற்றாளர் சிலர் கருதுகிறார்கள்.

தடைக்கு ஆதரவாக மருத்துவர்களின் குரல்களும் பத்திரிகைகளில் வந்தன. அவற்றில் ஒன்று மேரி ஷார்லீப் என்ற லண்டன் மருத்துவருடையது. இந்த ஆட்டம் பெண்ணின் உடற்கட்டுக்கு மீறியது என்றார் அவர். இந்தப் பெயர் நமக்குப் புதிதல்ல. 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முதல் பெண்களில் ஒருவர் அவர். திருவல்லிக்கேணியில் இன்றும் 'கோஷா ஆஸ்பத்திரி' என்று மக்கள் அழைக்கும் மருத்துவமனை 1885இல் தொடங்கப்பட முன்நின்றவரும் அவரே. ஆண் மருத்துவர் தொடக்கூடாத பெண்கள் சிகிச்சையின்றிச் சாவதைக் கண்டு, பெண் மருத்துவம் படிக்கலாகாது என்ற விதியை உடைத்து வந்தவர், நாற்பத்தாறு ஆண்டுகள் கழித்து, ஆலைப்பெண்ணின் கால்களுக்கு மருத்துவத்தின் பெயரால் விதி வகுத்தார். இதைத் தனிமனிதரின் முரண் என்று கடந்துவிட முடியாது. பெண்ணின் உடலை முதன்மையாகக் கருப்பையாகவே கண்ட மருத்துவ அறிவு, அதைக் கற்ற பெண்ணையும் தன் குரலில் பேசவைத்தது. பன்னிரண்டு மணிநேரம் நின்று குண்டு செய்த அதே உடலைப் பற்றி அப்போது எவரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

தடைக்குப் பிறகும் அணி ஆடியது. 1922இல் வட அமெரிக்காவுக்குப் போனார்கள். கனடாவில் ஆட அனுமதி மறுக்கப்பட்டது. அமெரிக்காவில் ஆண்கள் அணிகளோடு ஒன்பது ஆட்டங்கள்: மூன்றில் வெற்றி, மூன்றில் சமன், மூன்றில் தோல்வி. பிறகு தொழிற்சாலையின் ஆதரவும் போயிற்று. ப்ரெஸ்டன் லேடீஸ் என்று பெயர் மாறியது. பூங்காக்களிலும் வயல்வெளிகளிலும் ரக்பி மைதானங்களிலும் ஆடினார்கள். ஆட்டக்காரர் பலருக்கு ஊருக்கு வெளியே இருந்த விட்டிங்ஹாம் மனநல மருத்துவமனையில் வேலை கிடைத்தது. லில்லி பார் அங்கே செவிலியரானார். அவர் 1951இல் ஆட்டத்திலிருந்து ஓய்வுபெற்றார். 1965இல், ஆட ஆளில்லாமல், அணி கலைந்தது. தடை நீங்கியது 1971இல்.

இந்தத் தடை யாரையும் ஆடக்கூடாது என்று சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மைதானத்தை மட்டும் மறுத்தது. மைதானம் போனால் இருக்கை போகும், நுழைவுச்சீட்டு போகும், நிருபர் வரமாட்டார், ஆட்டநாள் வெளியீடு அச்சாகாது. ஆண்டேடுகளில் பெயர் இருக்காது. அடுத்த வாரம் இதே நேரம் இதே இடம் என்ற உறுதி போய்விட்டால், பார்வையாளர் ரசிகராக மாற வழியில்லை. 1920இல் குடிசன் பார்க்கில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற பெண்குழந்தை தன் மகளை எங்கே அழைத்துப்போயிருப்பாள்? ஹார்ன்பியின் நூல் தந்தையிடமிருந்து மகனுக்குக் கைமாறும் சொத்தைப் பற்றியது. 1921இன் தீர்மானம் தாயிடமிருந்து மகளுக்குப் போகக்கூடிய அதே சொத்தைக் கைமாறும் இடத்திலேயே வெட்டியது. இந்தச் சேதம் கோல்கணக்கில் தெரியாது. ஐம்பது ஆண்டுகள் எழுதப்படாமல்போன நினைவுகளில்தான் தெரியும்.

வாய்மொழியிலிருந்து ஒரு பதிவேடு

நியூஷாம் தானும் பந்தாடியவர், அந்த ஊர்க்காரர். 1992இல் டிக், கெர் அணியின் முன்னாள் ஆட்டக்காரர்களைத் தேடிக்கண்டு ஓர் ஒன்றுகூடலுக்கு ஏற்பாடு செய்தார். ஹார்ன்பியின் நூல் வெளிவந்ததும் அதே ஆண்டு. ஒருவர் தன் இருபத்துநான்கு ஆண்டுக்கால ரசனையைத் தொகுத்து வெளியிட்ட நேரத்தில், இன்னொருவர் வயது முதிர்ந்த பெண்களின் வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பெண்களின் பேச்சு, அவர்கள் வைத்திருந்த புகைப்படங்கள், பழைய செய்தித்தாள்கள் ஆகியவற்றிலிருந்து அவருடைய நூல் உருவாயிற்று.

இரண்டு நூல்களின் நடைவேறுபாடும் இங்கிருந்தே பிறக்கிறது. ஹார்ன்பியால் விளையாட்டாக எழுத முடிகிறது. ஆட்டமுடிவுகள் அச்சில் இருக்கின்றன. 1970 முதல் ராத்மன்ஸ் ஆண்டேடு ஒவ்வோர் ஆட்டத்தையும் குறித்துவைத்திருக்கிறது. தகவலைக் காக்கும் பொறுப்பு அவருடையதல்ல என்பதால் தன்னைப் பற்றி எழுத அவருக்கு இடம் கிடைக்கிறது. நியூஷாமின் நூலில் தேதிகள், எதிரணிகள், கோல்கள், கூட்டத்தின் எண்ணிக்கை, திரட்டிய தொகை என்று அடுக்கு அடுக்காக வருகின்றன. இலக்கிய நயம் தேடுபவருக்கு இது சலிப்பு. தான் எழுதாவிட்டால் வேறெங்கும் இருக்காது என்று அறிந்தவரின் எழுத்து இப்படித்தான் இருக்க முடியும். ரசிகரின் 'நான்' பின்வாங்கிக்கொள்கிறது. ஆட்டக்காரர்களின் பெயர்கள் முன்னே வருகின்றன. நடுகல் எழுப்பாமல் விடப்பட்டவர்களுக்குப் பின்னால் வந்தவள் தனியாளாகக் கல் சுமக்கிறாள்.

அந்த அணி ஆடியது 828 ஆட்டங்கள், வென்றது 758, சமன் 46, தோற்றது 24 என்று இன்று எல்லோரும் எடுத்தாளும் கணக்கு இப்படிப்பட்ட உழைப்பின் பலன். லில்லி பார் அடித்த கோல்களோ ஆயிரத்தை ஒட்டிச் சொல்லப்படுகின்றன. எண்ணிக்கை எழுதுபவருக்கு எழுதுபவர் மாறுகிறது. ஐயப்படுபவர்கள் இதையே ஆதாரமாக்கி, எல்லாம் மிகை என்பார்கள். எண்ணிவைக்கும் அமைப்புகள் எண்ண மறுத்ததன் தடயமாகவே நான் அதை வாசிக்கிறேன்.

நியூஷாமின் அணுகுமுறையில் எனக்கு ஒரு மாறுபாடும் உண்டு. 53,000 என்ற எண் அவருடைய வாதத்தின் அச்சாணி. பெண்கள் ஆட்டத்தைப் பார்க்க இவ்வளவு பேர் வந்தார்கள், ஆகவே அது மதிப்புள்ளது. ஆண்களின் கிளப்புகள் தங்கள் மதிப்பை அளக்கும் கோலாலேயே பெண்களின் ஆட்டத்தையும் அளப்பது இது. 1950களில் ஒரு மழைநாளில், ஏதோ ஓர் ஊர்ப் பூங்காவில், சில நூறு பேர் முன்னால் ஆடிய ஆட்டம் அப்போது என்னவாகும்? ஹார்ன்பி இந்த இடத்தில் நமக்கு உதவுகிறார். யாருக்கும் முக்கியமில்லாத, கோலில்லாமல் முடிந்த மார்ச் மாத ஆட்டத்தையும் நினைவில் வைத்திருக்கும் உரிமையை அவர் எடுத்துக்கொள்கிறார். பெண்கள் விளையாட்டின் வரலாறு சாதனைகளின் பட்டியலாகவே எழுதப்பட்டுவருகிறது. தோல்விக்கும் சலிப்புக்கும் சாதாரண நாளுக்கும் அதில் இடமில்லை. சாதித்தால்தான் நினைவுகூரப்படுவாள் என்பது பெண்ணுக்கு இடப்பட்ட பழைய நிபந்தனை.

49உம் 108உம்

ஆர்சனலுக்குத் திரும்புவோம். அந்த கிளப்பின் பெண்கள் அணி 1987இல் தொடங்கப்பட்டது. தொடங்கியவர் விக் ஏக்கர்ஸ். ஆண்கள் அணியின் உடைப்பொறுப்பாளராகவும் இருந்தவர். 1992–93 சீசனிலேயே அந்த அணி லீக், எஃப்.ஏ. கோப்பை, லீக் கோப்பை மூன்றையும் வென்றது. 'ஃபீவர் பிட்ச்' பரபரப்பாக வாசிக்கப்பட்டுக்கொண்டிருந்த மாதங்கள் அவை. ஆர்சனல் என்றால் ஆண்கள் அணி என்பதற்கு அப்போது எந்த விளக்கமும் தேவைப்படவில்லை.

2003–04 சீசனை ஒரு தோல்வியும் இல்லாமல் முடித்த ஆண்கள் அணியை 'வெல்லமுடியாதவர்கள்' என்கிறார்கள். தொடர்ந்து 49 லீக் ஆட்டங்கள் தோற்காத கணக்கு எந்த ஆர்சனல் ரசிகரையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். அதே கிளப்பின் பெண்கள் அணி 2003 முதல் 2009 வரை தொடர்ந்து 108 லீக் ஆட்டங்களில் தோற்கவில்லை. இந்த எண் எத்தனை பேருக்குத் தெரியும்? 2006–07இல் உள்நாட்டுக் கோப்பைகள் அனைத்தோடு, ஐரோப்பியக் கோப்பையையும் வென்ற முதல் ஆங்கிலப் பெண்கள் அணி அது. ஸ்வீடனில் உமேயோ அணிக்கு எதிராக இறுதிப்போட்டியின் முதல் சுற்றில், கூடுதல் நிமிடத்தில் ஒரே கோலை அடித்தவர் அலெக்ஸ் ஸ்காட். லண்டனை ஒட்டிய சிற்றூர் மைதானத்தில் நடந்த இரண்டாம் சுற்றைப் பார்த்தவர்கள் சுமார் 3,500 பேர். அதே அலெக்ஸ் ஸ்காட், ஆர்சனலில் ஆடியபடியே ஆண்கள் அணியின் உடைகளைத் துவைக்கும் சலவை அறையில் வேலை பார்த்ததைத் தானே சொல்லியிருக்கிறார். வரலாற்றில் இடம்பெற்ற ஆண்களின் சட்டைகள் அந்த அறையைக் கடந்தே மைதானத்துக்குப் போயின. ஒரு சட்டையைப் பார்த்து எந்த ஆண்டு, எந்த ஆட்டம் என்று சொல்லும் ரசிகர்கள் உண்டு. அதைத் துவைத்தவரும் அதே கிளப்பின் ஆட்டக்காரர் என்பது அவர்களின் நினைவில் சேரவில்லை.

2002இல் இங்கிலாந்தின் தேசியக் கால்பந்து அருங்காட்சியகம் தன் புகழ்மண்டபத்தைத் தொடங்கியபோது அதில் இடம்பெற்ற ஒரே பெண் லில்லி பார். அவர் 1978இலேயே இறந்துவிட்டார். 2017இல், முதல் ஆட்டத்தின் நூற்றாண்டில், டீப்டேல் மைதானத்தின் சுவரில் அணிக்கு நினைவுக்கல் வைக்கப்பட்டது. 2019இல் பாருக்குச் சிலை. மைதானத்துக்குள் வரக்கூடாது என்று தடுக்கப்பட்டவர்கள் கல்லாகவும் வெண்கலமாகவும் திரும்பி வந்தார்கள். இது தேவையானதுதான். ஆனால் உயிரோடிருந்த ஆட்டக்காரர்கள் கேட்டது சிலையை அல்ல, ஆடுவதற்கு ஒரு சனிக்கிழமையை.

குடிசன் பார்க்கின் 53,000ஐ இங்கிலாந்தில் ஒரு பெண்கள் கிளப் ஆட்டத்தின் கூட்டம் தாண்டியது 2023 மே 1 அன்று. ஆர்சனலின் எமிரேட்ஸ் மைதானம், ஐரோப்பிய அரையிறுதி, ஜெர்மனியின் வுல்ஃப்ஸ்பர்க் அணிக்கு எதிராக. பார்வையாளர் 60,063. கூடுதல் நேரத்தின் கடைசித் தருணத்தில் கோல் வாங்கி ஆர்சனல் தோற்றது. சாதனைப் பட்டியல் எழுதுபவர்கள் கூட்டத்தின் எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டு தோல்வியை அடிக்குறிப்பாக்குவார்கள். ரசிகர் அப்படிச் செய்யமாட்டார். அன்று அம்மாவோடு அந்த மைதானத்தில் இருந்த பதினொரு வயதுச் சிறுமிகளுக்கு அந்தக் கடைசி நிமிடம்தான் நினைவிருக்கும். இரண்டாண்டுகள் கழித்து, 2025 மே மாதம், லிஸ்பனில் பார்சிலோனாவை 1-0 என்று வென்று ஆர்சனல் பெண்கள் ஐரோப்பியக் கோப்பையை மீண்டும் கைப்பற்றியபோது, அந்த வெற்றியின் ருசி அவர்களுக்கு மற்றவர்களைவிடக் கூடுதலாகத் தெரிந்திருக்கும். ஒரு தோல்வியைச் சுமந்து காத்திருக்கும் வாய்ப்பு அவர்களுக்குக் கிடைத்திருந்தது. 1921க்குப் பின் வந்த இரண்டு தலைமுறைப் பெண்களுக்குக் கிடைக்காத வாய்ப்பு அது.

இந்த நூல்களை வகுப்பறையில் வாசிக்கும் மாணவிகள் தங்கள் கையில் கிடைக்கும் எந்த நினைவெழுத்தையும் இதே கேள்விகளோடு திறக்கலாம். நினைவுகூர்பவர் அந்த நாளில் அங்கே இருக்க யார் வீட்டில் இருந்தார்கள்? அவர் சரிபார்த்துக்கொள்ளும் தேதிகளை எழுதிவைத்தது யார், யாருடையதை எழுதாமல் விட்டது யார்? எழுதாமல் விடப்பட்டதை அறிந்தவர்கள் இன்னும் உயிரோடிருந்தால், நியூஷாம் 1992இல் செய்ததைச் செய்யலாம்: முகவரி விசாரித்துப் போய், உட்கார்ந்து, அவர்கள் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வது.